எதிரிக்கு மட்டும் தமிழ் போடாத படம்

இப்போது நீங்கள் கைப்பேசியில் படம் பார்க்கும்போது, யார் எந்த மொழியில் பேசினாலும் கீழே எழுத்து ஓடுகிறது. கொரியாக்காரர் பேசினாலும் சிரிக்க வேண்டிய இடத்தில் சரியாகச் சிரித்துவிடுகிறீர்கள். என் மகள் இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். அவளும் படத்தை விட்டுவிட்டு அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெய்வேலியில் ஒரு கோடை விடுமுறை ஞாபகம் வரும். எட்டாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்திருந்தேன். பதிமூன்று வயது. பிள்ளைகளே, உங்களில் சிலருக்கு இப்போது அந்த வயது இருக்கும், சிலருக்கு இனிமேல் வரும். என்னோடு அந்தத் தெருவில் விளையாடியவர்கள் யாராவது இதைப் படித்தால், நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை என்று உங்களுக்குச் சொல்வார்கள்.

அதற்கு முந்தின மார்கழியில் பெரிய புயல் அடித்திருந்தது. எங்கள் டவுன்ஷிப்பில் தெருவுக்குத் தெரு மரம்தான். பாதிக்கு மேல் ஒரே காலையில் படுத்துவிட்டன. அதனால் அந்தக் கோடையில் வெயில் நேராக வந்து விழுந்தது. செருப்பில்லாமல் தண்ணீர்க் குழாய் வரை போக முடியாது. பண்ருட்டிப் பக்கம் பலா மரங்களும் போய்விட்டதால் அந்த வருஷம் சுளை வாசனையே இல்லாத சித்திரை. எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த வெற்றிடத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரம் வேரோடு சாய்ந்து கிடந்தது. கிளைகளை அறுத்து எடுத்துப் போனவர்கள் அடிமரத்தை மட்டும் விட்டுவிட்டார்கள். பெரியவர்களுக்கு அது இன்னும் அள்ளாத குப்பை. எங்களுக்கு அது ஒரு நாள் பஸ், ஒரு நாள் கப்பல்.

எங்கள் கூட்டத்தில் ஆறு பேர். நான், என் தம்பி, எதிர்வீட்டு இரட்டைப் பையன்கள், கிரேன் ஓட்டுபவரின் மகன், அப்புறம் பக்கத்து வீட்டுப் பெண். கிரேன்காரர் மகன் வயதில் மூத்தவன். யார் எந்தப் பக்கம் என்று அவன்தான் பிரிப்பான். ஆனால் வேர்ப் பக்கம் ஏறி நுனி வரைக்கும் கையை விரிக்காமல் மரத்தின் மேல் ஓடக்கூடியவள் அந்தப் பெண் ஒருத்திதான். அவள் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் ஜெயிக்கும்.

அவளுடைய அப்பா சுரங்க வாசலில் காவல் பணியில் இருந்தார். வடக்கே இருந்து மாற்றலாகி வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. எங்கள் குவார்ட்டர்ஸும் அவர்கள் குவார்ட்டர்ஸும் ஒரே சுவர். இந்தப் பக்கம் மிளகாய் தாளித்தால் அந்தப் பக்கம் தும்முவார்கள். வந்த புதிதில் அவளுடைய அம்மாவுக்கு, எங்களுக்கு அவர் ஆன்ட்டி, தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. என் அம்மாதான் கொல்லைப்புறச் சுவரில் சாய்ந்தபடி சொல்லிக் கொடுத்தார். என் அப்பாவுக்குச் சொந்த ஊர் தென்காசிப் பக்கம், அம்மாவுக்கு நெல்லிக்குப்பம். ஆன்ட்டி அம்மாவிடம் கற்றதால் அம்மாவின் தமிழ்தான் அவருக்கு வந்தது. வகிட்டில் நீளமாகச் செந்தூரமும் தலையில் முக்காடுமாக நின்றுகொண்டு, “இன்னாக்கா, உங்க வூட்ல இன்னா கொழம்பு?” என்பார். காய்கறி வண்டிக்காரர் முதல் தடவை அதைக் கேட்டபோது தராசைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

சாயங்காலம் ஆனால் அந்தச் சுவரின் மேல் ஒரு எவர்சில்வர் கிண்ணம் போகும், இன்னொரு கிண்ணம் வரும். இந்தப் பக்கம் இருந்து கருவாட்டுக் குழம்பு போகாது, அவர்கள் சாப்பிட மாட்டார்கள். கத்தரிக்காய் போகும். அந்தப் பக்கம் இருந்து சப்பாத்தியும் உருளைக்கிழங்கும் வரும். கிண்ணத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பதில் இரண்டு பேருமே பிடிவாதம்.

அந்தக் கோடையில்தான் எங்கள் தியேட்டருக்கு யுத்தப் படம் வந்தது. அதற்குத் தமிழில் வைத்த பெயர் இப்போது எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. சுவரொட்டியில் பனிமலையும், துப்பாக்கியோடு ஒரு வீரனும் இருந்ததுதான் ஞாபகம்.

எங்கள் தியேட்டரில் கூட்டம் ஷிஃப்டைப் பார்த்து வரும். முதல் ஷிஃப்ட் முடித்தவர்கள் மதியக் காட்சிக்கு நேராக வந்து, பாதிப் பேர் மின்விசிறிக்குக் கீழே தூங்குவார்கள். குடும்பங்கள் சனிக்கிழமை மாலை. இடம் பிடிப்பதற்கு யாராவது ஒருவர் முன்னாலேயே வந்து ஹெல்மெட்டை ஒரு நாற்காலியில், டிபன் பையை ஒரு நாற்காலியில், துண்டை ஒரு நாற்காலியில் வைத்துவிடுவார். ஹெல்மெட் வைத்த நாற்காலியில் யாரும் உட்கார மாட்டார்கள். அது எழுதாத சட்டம். அந்தச் சனிக்கிழமை அப்பாவின் ஹெல்மெட் வைத்துப் பிடித்த வரிசையில் நாங்கள் நால்வரும், ஆன்ட்டியும், அந்தப் பெண்ணும் உட்கார்ந்தோம். அங்கிளுக்கு வாசலில் டியூட்டி.

படம் வடக்கே எடுத்தது. தமிழ்ப் பேச்சு சேர்த்தவர்கள் நம் வீரர்களுக்கு மட்டும் தமிழ் போட்டிருந்தார்கள். மலையுச்சியில் இருந்த எதிரிகள் பேசினதை அப்படியே விட்டுவிட்டார்கள். கீழே எழுத்தும் கிடையாது. எதிரி என்றால் புரியாமல் பேசினால்தான் பொருத்தமாக இருக்கும் என்று நினைத்தார்களோ என்னவோ.

சுரங்கத்து ஊரில் யுத்தப் படம் ஓடினால் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன் கேளுங்கள். திரையில் முதல் குண்டு வெடித்ததும் எல்லா ஊரிலும் பயப்படுவார்கள். எங்கள் ஊரில் மதியம் சுரங்கத்தில் வெடி வைத்தாலே ஜன்னல் கதவு ஆடும். அதனால் ஒருவரும் அசையவில்லை. அப்பாவுக்கு வெடி வைக்கும் பிரிவில்தான் வேலை. அவர் முகத்தைச் சுளித்தார்.

“இது டீசல ஊத்திக் கொளுத்தினது. நெசமா வெடிச்சா மொதல்ல மண்ணுல்லா எந்திரிக்கும்?”

“சும்மா பாருங்க” என்றார் அம்மா.

வீரர்கள் பதுங்கு குழி தோண்டியபோது பின்னாலிருந்து ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார். “யோவ், இவ்ளோ செங்குத்தா வெட்டாத! சரிஞ்சிடும். படி வுட்டு வெட்டு!” தியேட்டர் முழுக்கச் சிரித்தது. அம்மாவின் கவலை வேறு. “பனியில நிக்குதுங்க புள்ளைங்க, காதுக்கு ஒரு மப்ளர் குடுத்தா இன்னா கொறஞ்சா பூடும்?” என்று ஆன்ட்டியிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். ஆன்ட்டியும் “ஆமாங்க்கா” என்று தலையாட்டினார்.

முன் வரிசையில் ஒருவர் இருந்தார். சுரங்கத்துக் கரியை ஏற்றிப் போகும் கன்வேயர் பெல்ட்டில் வேலை செய்பவர். அந்தப் பெல்ட் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசி அவர் தொண்டை அப்படி ஆகிவிட்டது. மெதுவாகப் பேசினாலே கடைசி வரிசைக்குக் கேட்கும். எதிரிகள் வாயைத் திறக்கும்போதெல்லாம் அவர் தமிழ் சொன்னார். எதிரித் தலைவன் கோபமாக என்னவோ கத்தினால், “பஸ்ஸ வுட்டுட்டானாம்!” என்பார். இரண்டு எதிரிகள் சோர்ந்துபோய் உட்கார்ந்து பேசினால், “கான்டீன்ல இட்லி தீந்துடுச்சாம்!” என்பார். படத்தைவிட அவருக்குத்தான் கைதட்டல் அதிகம். கொஞ்ச நேரத்தில் எதிரி பேசினாலே எல்லோரும் முன் வரிசையைப் பார்க்க ஆரம்பித்தோம்.

கடைசிக் கட்டத்தில் நம் நாயகன் தனியாக உச்சிக்கு ஏறிவிடுகிறான். அங்கே எதிரிப் பையன் ஒருவன், மீசைகூடச் சரியாக முளைக்காதவன், காலில் அடிபட்டுப் பாறையில் சாய்ந்து கிடக்கிறான். நாயகன் துப்பாக்கியை நீட்டுகிறான். அந்தப் பையன் பேசுகிறான். நிறையப் பேசுகிறான். பேசிக்கொண்டே சட்டைப் பாக்கெட்டுக்குள் கையை விடுகிறான்.

“உங்க ஒருத்தரையும் உயிரோட வுடமாட்டேங்கறான்!” என்று முன் வரிசைக் குரல் வந்தது. “பாக்கெட்ல குண்டு வச்சிருக்கான்! சுடுறா, சுடு!”

“சுடு! சுடு!” என்று நாங்களும் கத்தினோம். பின்னால் ஏறி வந்த நம் வீரன் ஒருவன் சுட்டான். தியேட்டர் இடிந்து விழுகிற மாதிரி கைதட்டல். நான் நாற்காலி மேல் ஏறி விசில் அடித்தேன். அந்த விசிலை இப்போது நினைத்தால் காதைப் பொத்திக்கொள்ளலாம் போல் இருக்கிறது.

நாயகன் முகம் வாடிப்போய், செத்தவன் பாக்கெட்டிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டான். எதிரியின் வரைபடம் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். கடைசிக் காட்சியில் அவன் ஊருக்கு வந்து ஒரு தபால் பெட்டியில் கடிதம் போட்டான். அது அவன் மனைவிக்கு எழுதினது என்று முடிவு செய்துகொண்டோம்.

நாற்காலியிலிருந்து இறங்கும்போதுதான் பார்த்தேன். ஆன்ட்டி முக்காட்டை வாயில் அமுக்கிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். தோள் குலுங்கியது. பக்கத்தில் அந்தப் பெண் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அம்மாவும் பார்த்தார். “இன்னாமா?” என்றார். ஆன்ட்டி மகளின் கையைப் பிடித்து எழுப்பினார். வீடு வரைக்கும் எங்களுக்குப் பத்தடி முன்னாலேயே நடந்தார்.

மறுநாள் காலையில் மரத்தடியில் நான் செய்த காரியத்தைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். கிரேன்காரர் மகனும் இரட்டையர்களும் படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. அதை வைத்துக்கொள்ள முடியவில்லை.

“எதிரி செத்தப்ப ஆன்ட்டி அழுதாங்கடா” என்றேன்.

“நெஜமாவா?”

“நான் பாத்தேன்டா. குலுங்கிக் குலுங்கி அழுதாங்க.”

கிரேன்காரர் மகன் கொஞ்சம் யோசித்தான். “அவங்களும் அந்தப் பாஷைதானே பேசுறாங்க” என்றான்.

அவ்வளவுதான் நடந்தது. யாரும் சண்டை போடவில்லை, யாரும் திட்டவில்லை. அன்றைக்கு அந்தப் பெண் விளையாட வந்தபோது, “நீ அந்தப் பக்கம்” என்றான் அவன். அவள் தனியாக. நாங்கள் ஐந்து பேர் இந்தப் பக்கம். முதலில் அவளும் சிரித்துக்கொண்டுதான் போனாள். மரத்தின் மேல் ஏறி நின்று, “வாங்கடா பாக்கலாம்” என்றாள். சுட்டோம். விழுந்தாள். இரண்டாம் நாளும் “நீ அந்தப் பக்கம்.” “உங்க பாஷைல பேசிக்கிட்டே சாவு” என்றார்கள் இரட்டையர்கள். அவள் ஏதோ பேசினாள். நாங்கள் சிரித்தோம், சுட்டோம். மூன்றாம் நாள் அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

“நான் எப்ப இந்தப் பக்கம் வர்றது?”

நான் கையிலிருந்த குச்சித் துப்பாக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். “அவன்தான் பிரிக்கிறான்” என்றேன்.

நாலாம் நாள் அவள் வரவில்லை.

சுவருக்கு மேல் கிண்ணமும் வரவில்லை. அம்மாவும் அனுப்பவில்லை. தண்ணீர்க் குழாயடியில் பெண்களுக்குள் பேச்சு ஓடியிருந்தது. நான் மரத்தடியில் சொன்னது அதற்குள் தெருவைச் சுற்றி வந்துவிட்டது. “நம்ம புள்ளைங்க சாவும்போது சும்மாதான் குந்தினு இருந்தா. அவன் செத்ததுக்கு அழுவுறா. எனக்கே ஒருமாரி ஆயிடுச்சி” என்று அம்மா அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அதே வாரம் அங்கிளுக்கு மாற்றல் உத்தரவும் வந்துவிட்டது. கிழக்கே ஏதோ நிலக்கரிச் சுரங்கம். அடுத்த வாரம் முடிகிற ஞாயிற்றுக்கிழமை விருத்தாசலத்தில் ரயில். வீட்டுச் சாமான்களை அட்டைப் பெட்டியில் கட்டும் சத்தம் சுவர் வழியாகக் கேட்டது. டேப்பைக் கிழிக்கும் சத்தம். மூன்று வருஷம் எங்களோடு ஓடினவள் எதிரியாகவே ஊரைவிட்டுப் போகப்போகிறாள். சொன்னவன் நான்.

என் அப்பா எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதவர். “எதிரிக்கும் இல்ல, ஒருத்தனுக்கும் இல்ல. அந்தம்மாவுக்குச் சத்தம் ஒத்துக்கிடல. தலவலியா இருக்கும்” என்று சொல்லி, தன் தலைவலித் தைலக் குப்பியை எடுத்து என்னிடம் கொடுத்தார். “கொண்டு குடுத்துட்டு வா.” படம் பார்த்துப் பத்து நாள் கழித்துத் தைலம்! அவர் நினைத்ததும் தப்புதான். ஆனால் அந்தத் தப்பு என்னை அந்த வீட்டு வாசலுக்கு அனுப்பியது.

கதவைத் திறந்த ஆன்ட்டி குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “யாருக்குத் தலவலி?”

“உங்களுக்குத்தான். படத்துல அழுதீங்கல்ல? சத்தத்துனாலன்னு அப்பா சொன்னாரு.”

ஆன்ட்டி ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“அந்தப் புள்ள அவ்ளோ பேசிச்சே. கேட்டுகினே எல்லாரும் எப்டிப்பா கை தட்டினீங்க? உங்க அம்மா கூட தட்டிச்சி. நீ விசில் அடிச்ச.”

“அவன் பேசினது எங்களுக்குப் புரியல ஆன்ட்டி.”

“புரியலியா?”

“ஒரு வார்த்தைகூடப் புரியல.”

“சுரங்க கேட்டுல எல்லாரும் அங்கிள்கிட்ட எங்க பாஷைல பேசுறாங்களே?”

“நமஸ்தே, டீக் ஹை. அதுக்கு மேல யாருக்கும் தெரியாது ஆன்ட்டி. முன்னாடி ஒருத்தர் சொன்னதத்தான் நாங்க நம்பினோம்.”

ஆன்ட்டி நெற்றியில் அடித்துக்கொண்டார். அவர் பத்து நாளாக எங்களைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. நாங்கள் புரிந்துகொண்டே கை தட்டினோம் என்று நினைத்திருக்கிறார். நாங்கள் அவரைப் பற்றி நினைத்ததைவிட அது மோசம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் செங்கல் சுவர் ஒன்றுதான் இருந்தது. பத்து நாளும் இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் கல்நெஞ்சு என்று நினைத்துக்கொண்டு சமைத்துச் சாப்பிட்டிருக்கிறோம்.

உள் அறைக் கதவோரத்தில் அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள்.

“மரத்தடியில சொன்னது நான்தான்” என்றேன்.

“தெரியும்” என்றாள்.

“அந்த எதிரிப் பையன் என்ன சொன்னான்?”

“இப்ப சொல்லமாட்டேன். கதையாச் சொன்னா நீங்க சிரிப்பீங்க. படத்துல அவன் பேசும்போது பக்கத்துல உக்காந்து கேளு.” அப்புறம், “எல்லாரையும் கூட்டிட்டு வா” என்றாள்.

நான் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். மாவு பிசைந்துகொண்டிருந்தவர் அப்படியே நின்றார். “அய்யய்யோ. நம்மள இன்னான்னு நெனச்சிருப்பா!” கையைக்கூடக் கழுவவில்லை. கொல்லைச் சுவர்ப் பக்கம் போகாமல், வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனார். அங்கே இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வரும்போது அம்மாவின் கையில் இருந்த மாவு காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது.

கிரேன்காரர் மகனைச் சம்மதிக்க வைப்பதுதான் கஷ்டம்.

“நான் சொன்னது தப்புடா” என்றேன்.

“உனக்கு அந்தப் பாஷை தெரியுமா?”

“தெரியாது.”

“அப்ப தப்புன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“எனக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். வந்து கேளு. நீயே தலைவனா இருந்துக்க, கேக்கறதுக்கு என்ன?”

முறைத்தான். ஆனால் வந்தான்.

வியாழக்கிழமை மதியக் காட்சி. மறுநாள் படம் மாற்றிவிடுவார்கள். அரைத் தியேட்டர்தான் நிரம்பியிருந்தது. முதல் ஷிஃப்ட் முடித்தவர்கள் கால் நீட்டிப் படுத்திருந்தார்கள். எங்கள் வரிசையில் அம்மா, ஆன்ட்டி, ஆறு பிள்ளைகள். அந்தப் பெண் நடுவில். முன் வரிசையில் அதே பெல்ட்காரர். அவர் கைதட்டல் வாங்குவதற்காகவே மறுபடி வந்திருந்தார் என்று நினைக்கிறேன்.

இரண்டு எதிரிகள் சோர்ந்து உட்காரும் காட்சி வந்தது.

“கான்டீன்ல இட்லி தீந்துடுச்சாம்!” என்றார் அவர். சிரிப்பு எழுந்தது.

“இல்ல!” என்று எங்கள் வரிசையிலிருந்து ஒரு குரல். அந்தப் பெண் எழுந்து நின்றிருந்தாள். “மூணு நாளா சாப்பாடு மேல வரலன்னு சொல்றாங்க!”

சிரிப்பு பாதியில் நின்றது. “யாருடா அது, படம் பாக்க வுடாம?” என்றார் ஒருவர். “அந்தப் பாஷை தெரிஞ்ச பொண்ணு போலய்யா, சொல்லட்டும்” என்றார் இன்னொருவர். பெல்ட்காரர் இருட்டில் திரும்பிப் பார்த்தார்.

“அப்டியா பாப்பா?” என்றார். “சரி, நீயே சொல்லு. நான் வுட்டுர்றேன்.”

அதற்குப் பிறகு எதிரி பேசும்போதெல்லாம் அவள் சொன்னாள். ஒரு இடத்தில் வார்த்தை கிடைக்காமல் ஆன்ட்டியிடம் குனிந்து கேட்டாள். ஆன்ட்டி அம்மாவிடம் கேட்டார். மூன்று பேருமாகச் சேர்ந்து ஒரு தமிழ் வார்த்தையைக் கண்டுபிடிப்பதற்குள் அந்த எதிரி குழிக்குள் இறங்கிப் போய்விட்டான். “பொறுமையா சொல்லும்மா” என்றார் பின்னால் இருந்தவர். தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள்.

மலையுச்சி வந்தது. பாறையில் சாய்ந்து கிடந்த பையன் பேச ஆரம்பித்தான். அவளும் ஆரம்பித்தாள். அவன் ஒரு வரி, இவள் ஒரு வரி.

“பயப்படாதேன்னு சொல்றான்… துப்பாக்கியில குண்டு இல்லையாம், நேத்தே தீந்துடுச்சாம்… பாக்கெட்ல ஒரு லெட்டர் இருக்கு, எங்க அம்மாவுக்கு… இங்க குளிரே இல்லம்மான்னு எழுதியிருக்கேன்… அதை மட்டும் போஸ்ட்ல போட்டுடு. நான் செத்துட்டேன்னு நீ எதுவும் சேத்து எழுதாத…” அவள் மூச்சு விட்டுக்கொண்டாள். “ஸ்டாம்பு ஒட்டல, மன்னிச்சுக்கன்னு சொல்றான்.”

அவன் கை பாக்கெட்டுக்குள் போனது. துப்பாக்கி வெடித்தது.

மேலே பால்கனியில் யாரோ பழக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார். அப்புறம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. “அந்தக் குளிர்ல…” என்று ஆரம்பித்த அம்மா சேலைத் தலைப்பைக் கண்ணில் வைத்துக்கொண்டார். ஆன்ட்டி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

நாயகன் தபால் பெட்டியில் கடிதம் போட்டபோது முன் வரிசையிலிருந்து அந்தப் பெரிய தொண்டை, தனக்குத்தானே பேசுகிற மாதிரி, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னது: “அட, அது அவன் லெட்டரா! ரெண்டு வாட்டி பாத்தனேய்யா. பொண்டாட்டிக்குப் போடறான்னு இல்ல நெனச்சேன்.”

விளக்கு போட்டதும் அவர் எங்கள் வரிசைக்கு வந்தார். திரைக்கு முன்னால் அவ்வளவு பெரிதாகத் தெரிந்த மனிதர், கிட்டத்தில் என் அம்மா உயரம்தான் இருந்தார்.

“பாப்பா, நான் சொன்னதெல்லாம் சும்மா ஜாலிக்கு. மனசுல வச்சிக்காத.”

“தெரியும் அங்கிள்” என்றாள் அவள். “சாப்பாடு இல்லைன்னது மட்டும் கரெக்டா சொன்னீங்க.”

அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. அவள் தலையில் கையை வைத்துவிட்டுப் போனார்.

கிரேன்காரர் மகன் வழியெல்லாம் ஒரு கல்லை உதைத்துக்கொண்டே வந்தான். எங்கள் தெரு முனையில் நின்று, அவளைப் பார்க்காமல், “நாளைக்கு விளையாட வருவியா?” என்று கேட்டான்.

“சாமான் கட்டணும்” என்றாள். அப்புறம், “சாயந்தரம் வரேன்” என்றாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம். வெயில் இறங்கி, மரத்தின் நிழல் முதல் தடவையாக எங்கள் எல்லோரையும் மூடுகிற அளவுக்கு நீண்டிருந்தது. அவளை எந்தப் பக்கம் போடுவான் என்று நான் அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் பிரிக்கவே இல்லை. “இன்னைக்கு நான்தான் லெட்டர் வச்சிருக்கிறவன்” என்றான்.

“நான்!” என்றான் இரட்டையரில் ஒருவன். “நீ தினமும்தான் தலைவனா இருந்துட்ட.”

“நானும் லெட்டர் வச்சிருக்கேன்” என்று என் தம்பி கால்சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தைக் காட்டினான். வீட்டிலிருந்தே மடித்துக் கொண்டுவந்திருக்கிறான். பார்த்தால் இரட்டையர்கள் பையிலும் இருந்தது. என் பையிலும் இருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. படத்துப் பையன் சாகும்போது பேசினதைச் சொல்லிக் கொடுக்கும்படி அவளை நச்சரித்தோம். அவள் மரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லிக் கொடுத்தாள். எங்கள் வாயில் அந்த வார்த்தைகள் கோணல் மாணலாக வந்தன. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பத்துப் பன்னிரண்டு நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அந்தச் சிரிப்பைக் கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை. ஆனால் அவளை நினைத்தால் ரயில் ஞாபகம் வருவதில்லை, அந்த வெள்ளிக்கிழமைதான் வருகிறது.

விளையாட்டு ஆரம்பித்ததும் ஐந்து பேரும் ஓடிப்போய் மரத்தடியில் சாய்ந்து, காலில் அடிபட்டது மாதிரி படுத்துக்கொண்டோம். ஐந்து பேரும் பாக்கெட்டில் கையை வைத்துக்கொண்டு, ஐந்து விதமான உச்சரிப்பில், இங்கே குளிரே இல்லை என்று முனகிக்கொண்டிருந்தோம். எதிர்ப் பக்கத்தில் அவள் ஒருத்திதான் குச்சித் துப்பாக்கியோடு நின்றாள். கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்தாள். பிறகு துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, என் அம்மாவின் தமிழில் கத்தினாள்:

“டேய், யாராவுது ஒருத்தன் எய்ந்து இந்தப் பக்கம் வாங்களேன்டா! நான் ஒருத்தியே எவ்ளோ லெட்டர்டா போஸ்ட் பண்றது?”